மூலை வெட்டிய கார்டுகள்

கம்பவுண்டர் சோணை மருந்து அறையில் மல்லாந்து கிடந்தான்.

செத்துப்போய்!

கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புத் தடம். பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய். வலது கை இறுக மூடியிருந்தது.

இன்ஸ்பெக்டர் காசிமாயன் குனிந்து விரல்களைப் பிரித்தார்.

உள்ளே... முக்கோணமாக வெட்டிய அட்டைத் துணுக்குகள். ஒவ்வொன்றிலும் கருப்பு மை.

"மாரடைப்புதான் சார்," என்றார் டாக்டர் ஜெயக்கொடி.

"மாரடைப்பு கழுத்துலயா வரும்?"

வெளியே கே.கே. நகர் வெயில் கொளுத்தியது.

காசிமாயனின் தங்கை சின்னத்தாய்க்கு அபூர்வமான ரத்தப் புற்றுநோய். நாலு மாதமாக இந்த ஆளிடம்தான் மருந்து. பெரியாஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்னவரும் இவரேதான்! 'என் மாத்திரை சாப்பிட்ட பதினோரு பேரும் அஞ்சு வருஷம் தாண்டிட்டாங்க' என்ற ஒரு வார்த்தையை வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

"தாண்டிட்டாங்கன்னு எப்படித் தெரியும் டாக்டர்?"

"வருஷா வருஷம் ரிப்ளை கார்டு அனுப்புவோம். நலம், நலமில்லைன்னு அச்சடிச்சிருக்கும். டிக் அடிச்சு அனுப்புவாங்க. அடுத்த வாரம் டெல்லி மாநாட்டுல இதைத்தான் படிக்கப் போறேன்."

"காட்டுங்க."

கட்டு வந்தது. சோழவந்தான் மொக்கையன்... நலம். திருவாதவூர் முத்திருளன்... நலம்.

பதினொன்றில் ஒன்பது கார்டுகளுக்கு நாலு மூலையும் இல்லை!

"எலி கடிச்சிருக்கும்," என்றார் டாக்டர்.

"கத்தரிக்கோல் வச்சிருக்கிற எலியா?"

கான்ஸ்டபிள் விருமாண்டி ஒரு துணுக்கை மொக்கையன் கார்டின் மூலையில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"அய்யா... மூலையில கருப்பு! இது எழவுக் கார்டுல்ல!"

செத்தவருக்கு எதில் டிக் அடிப்பது? வீட்டார் எதிலும் அடிக்கவில்லை. வழக்கப்படி நாலு மூலையிலும் கருப்பு தடவித் தபாலில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் கருப்பை வெட்டி எறிந்துவிட்டு, தானே டிக் அடித்திருக்கிறார்.

ஒன்பது பிணங்களும் நலம்!

காசிமாயன் கார்டுக் கட்டை விருமாண்டியிடம் நீட்டினார். இந்தக் கையிலா தங்கச்சியை ஒப்படைத்தோம்? சீ!

"குப்பைக்கூடையில கெடந்த மூலையைச் சோணை பொறுக்கிட்டான். வந்து கேட்டான். ரப்பர் குழாயைக் கழுத்துல மாட்டி இழுத்துட்டீக. அம்புட்டுத்தானே?"

டாக்டர் சிரித்தார். சிரிப்பெல்லாம் விஷம்.

"என்னைப் புடிச்சா உங்க தங்கச்சிக்கு மாத்திரை யாரு குடுப்பா? என் சிவப்பு மாத்திரை வேற எங்கயும் கிடைக்காது சார்!"

காசிமாயன் திடுக்கிட்டார்.

"சிவப்பா? மூணு மாசமா அவளுக்கு வெள்ளைதானய்யா வருது!"

விருமாண்டி அலமாரியில் 'சின்னத்தாய்' என்று எழுதிய பொட்டலத்தைப் பிரித்தார். அத்தனையும் வெள்ளை... பெரியாஸ்பத்திரி மாத்திரை! கூடவே அவளுடைய பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு. அதைக் காட்டி மாதாமாதம் வாங்கி வந்து மாற்றி வைத்தவன், தரையில் கிடந்தான்.

காசிமாயன் தொப்பியைக் கழற்றினார். சோணையின் கண்களை மூடிவிட்டார்.

டாக்டர் கையில் விலங்கு 'க்ளிக்' என்றது.

"வருஷா வருஷம் ஜெயிலுக்கு ஒரு கார்டு போடுறேன் டாக்டர். நலமான்னு நீங்களே டிக் அடிங்க... மூலையை மட்டும் வெட்டிராதீக!"