பூசி மூடிய பின்கதவு

“காத்து எண்டு சொல்லாதேங்கோ ஆரணன். காத்துக்குக் காலில்லை.”

கம்சிகா சமையலறைத் தரையைக் காட்டினாள். பின்கதவிலிருந்து அடுப்படி வரை ஈரத் தடங்கள். வெறுங்கால். அவளுடையதைவிடச் சிறியவை.

அவள் கணவன் ஆரணன் குனிந்து பார்த்துவிட்டு, நூறு வருடக் கட்டிடத்தில் குழாய் கசியும்தான் என்றான். ஒஸ்லோவின் பழைய மாடிவீடுகள் என்றால் அவனுக்குப் பைத்தியம். முன்பக்கம் வீட்டுக்காரருக்கு அகலமான கற்படி. பின்பக்கம் அந்தக் காலத்தில் விறகு சுமந்த வேலைக்காரப் பெண்களுக்கு ஒடுங்கிய மரப்படி. இவர்கள் வாங்கிய வீட்டில் அந்தப் பின்கதவை யாரோ எப்போதோ பூசி மூடியிருந்தார்கள். முன்வாசல் தெற்குப் பார்க்கிறதே என்று ஆரணனின் அம்மா யோகராணி முகம் சுளித்தா. மூடிய கதவோ கிழக்கு. அவ்வளவுதான், அதை உடைத்துத் திறந்து, குடிபூரலன்று நிறைகுடத்தோடு மரப்படியால் ஏறி, வலது கால் வைத்து உள்ளே வந்தார்கள். எல்லோரும் வந்த பிறகும் படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்கவே, மாமி இருட்டைப் பார்த்து, “வாங்கோ, உள்ள வாங்கோ” என்று கூப்பிட்டா.

யாரும் வரவில்லை.

அன்றிலிருந்து, வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கம்சிகாவுக்குக் கரி அடுப்புப் புகையும் நனைந்த கம்பளியும் மணக்கும். பூட்டிவிட்டுப் போன பின்கதவு திறந்து கிடக்கும். குடியிருப்புச் சங்கத்துக்குச் சொன்னாள். தீப்பிடித்தால் ஓட வசதி என்று பாராட்டினார்கள். மாமிக்குச் சொன்னாள், சாம்பிராணி காட்டச் சொன்னா. ஆரணனுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய்தான் நொந்தது.

“ஒண்டு அந்தக் கதவு, இல்லாட்டி நான். லில்லெஸ்ட்ரோமில அக்கா வீட்டை போயிடுவன்.”

“சரியப்பா, மூடுறன். உன்ர கரைச்சல் தாங்கேலாமல்தான்.”

சனிக்கிழமை, வெளிச்சம் போகுமுன் பலகை அடித்துச் சாந்து பூசி முடித்தான். மிச்சத்தைக் கொட்ட முன்படியால் முற்றத்துக்கு இறங்கினான். கம்சிகா நிம்மதியாகத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். துணியை எடுத்துக்கொண்டு, தரையில் அன்றும் ஈரமாய்க் கிடந்த தடங்களைத் துடைக்கக் குனிந்தாள்.

தடங்களின் விரல்நுனிகள் வீட்டுக்குள்ளே பார்த்தன.

எல்லாமே.

வெளியே போனது ஒன்றும் இல்லை.

கரிப்புகை மணத்தது. பக்கத்தில். அவளை உரசிக்கொண்டு ஈரக் கம்பளி. கதவுப் பக்கம் போயிற்று.

கதவு இருந்த இடத்தில் சாந்து குழிந்தது. ஐந்து விரல்கள். இந்தப் பக்கத்திலிருந்து. சிறிய கை. பிறகு மற்றக் கை. நகங்கள் இழுத்தன. இன்னும் வேகமாக. சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. பலகை அசையவில்லை.

கீறல் நின்றது.

மெதுவாக, அவள் பக்கம் திரும்பியது புகை மணம்.

நீங்கள் என்றால் அந்தச் சுவரைத் திரும்ப உடைப்பீர்களா, சொல்லுங்கள்?