முதலில் வந்ததை மறை

ஹார்ட் டிஸ்கில் தன் பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருப்பதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மேதா கவனித்தாள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது அவள் உண்டாக்கியது. முழுக்கச் சின்ன எழுத்தில் இருந்த மற்றது அவளுடையதல்ல.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் எழுதிய டிஸ்க் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும். அதற்கான மென்பொருளைப் பல வருஷமாக அவள்தான் பார்த்துக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தாள். திருத்த யாரும் வரவில்லை. லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. ஒரே பெயர் இரண்டு வந்தால் ஒன்றுதான் தெரியும். மற்றது டிஸ்கிலேயே இருக்கும், கண்ணில் படாது. பழைய தலைவலி.

பொங்கல் கழிந்தும் தலைநகரின் மயூர் விஹாரில் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி நனைந்த துணிபோல ஒட்டிக்கிடக்க, ஹீட்டரின் சிவந்த கம்பியில் தூசி கருகும் வாசனை அறையெங்கும் பரவ, கீழே ரிக்‌ஷா மணியும் யார் வீட்டுக் குக்கர் விசிலோ அதுவும் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்க, அவள் அந்தச் சின்ன எழுத்து ஃபோல்டரைத் திறந்தாள்.

உள்ளே ஒரே ஃபைல். அந்தத் தலைவலிக்காகக் காலையிலிருந்து அவள் எழுதத் திணறிக்கொண்டிருந்த திருத்தம், முழுதாக முடிந்திருந்தது. அவள் இடைவெளி விடும் விதம். அவள் எப்போதும் விடும் எழுத்துப்பிழை. கடைசியில் ஒரு குறிப்பு: ‘ஒரே பெயரில் இரண்டு இருந்தால், முதலில் வந்ததை மறை.’

இந்த டிஸ்க் மேஜையை விட்டுப் போனதே இல்லை.

பயந்துகொண்டேதான் அதை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கேபிளைப் பிடுங்கி விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினாள்.

ஒரே ஒரு ஃபோல்டர். சின்ன எழுத்து.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தாள். எதிர் ஃப்ளாட் அனந்தலக்ஷ்மி மாமி, கையில் பாத்திரத்தோடு. இந்தக் கட்டடத்தில் அவளை விசாரிக்கும் ஒரே ஆள்.

“வாங்கோ மாமி.”

மாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளை உரசிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

“கதவைத் திறந்து போட்டுட்டு என்னடி பண்றே? ரசம் கொண்டு வந்திருக்கேன். ஜல்தி சாப்பிடு, ஆறிடும்.”

“மாமி, நான் இங்கே இருக்கேன்.”

நாற்காலி கிரீச்சிட்டது.

“வாங்கோ மாமி,” என்றது அவளுடைய குரல். உள்ளேயிருந்து.

மேதா திரும்பினாள். நாற்காலியில் அவளுடைய சால்வை. அவளுடைய பின்னல்.

“முகமே சரியில்லையே. ஜுரமா?” மாமி குனிந்து அந்த நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

மேதாவை யாரும் தொட்டு மாதக்கணக்காகியிருந்தது. ஓடிப்போய் மாமியின் முழங்கையைப் பிடித்தாள். இழுத்தாள். கத்தினாள். மாமி திரும்பவில்லை. சால்வையை இழுத்து அந்தத் தோளில் போர்த்திவிட்டு, தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் இருந்தவள் மாமியின் கையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். கண்களை மூடவில்லை. அவை இமைக்காமல் மேதாவையே பார்த்துக்கொண்டிருந்தன.