சத்தம் தொலைந்த டிரம் மெஷின்

ஜானகியம்மாள் துப்பறியும் நிலையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனாலும் கணக்கு எழுத வந்த ஜானகியம்மாளோடு உதவியாளன் தங்கவேலுவும் வந்து உட்கார்ந்திருந்தான். திருப்பூரில் மாப்பிள்ளை விசாரிப்பதைத் தவிர வேறு வழக்கே வருவதில்லை என்பது அவனுடைய நெடுநாள் குறை. என்றைக்காவது ஒன்று வரும்போது, தான் இல்லாமல் போய்விடக் கூடாதல்லவா? அன்று வந்தது. உதடு வீங்கி, சட்டைப் பொத்தான் அறுந்து, மூச்சிரைக்க மாடியேறி வந்த இளைஞனைப் பார்த்ததுமே தங்கவேலு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

வந்தவன் பெயர் ராபின். தூத்துக்குடிக்காரன், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் டெய்லர். முதலாளி மகன் அருள்செல்வனும் அவனும் கூட்டாக ஹிப்-ஹாப் பாட்டுப் போடுகிறவர்கள். தாளம் இவனுடையது, வரிகள் அவனுடையவை. அவர்களிடம் ஒரு பழைய சாம்ப்ளர் இருந்தது; டிரம் மெஷினும் அதுவேதான். எந்தச் சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பட்டனைத் தட்டினால் தாளமாகத் திருப்பித் தரும். சரக்குப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. இருவரும் கம்பெனிச் சத்தங்களை அதில் பிடித்து, பிளாப்பி டிஸ்குகளில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

இப்போது அதை விற்கிறார்கள். வாங்க வருகிறவர் ஆரோக்கியராஜ் என்ற பெங்களூர் இசைக்காரர். மாலையில் வந்து ராத்திரி ரயிலுக்குள் திரும்ப வேண்டும். அவருக்கு வெறும் மெஷின் வேண்டாம், அந்தத் திருப்பூர்ச் சத்தங்களும் சேர்ந்தே வேண்டும். விற்ற பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கினால்தான் பாதியில் நிற்கும் பாட்டுகள் முடியும். காலையில் ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று பெட்டியைப் பிரித்தான் ராபின். மெஷின் நன்றாக எழுந்தது. பிளாப்பிகள் ஒன்றுகூடப் பேசவில்லை. அருள்செல்வனோ முதலிலிருந்தே விற்கக் கூடாது என்று முரண்டு பிடித்தவன். கேட்டால் வாயே திறக்கவில்லை. பேச்சு முற்றிக் கைகலப்பாகிவிட்டது.

"அந்தத் தம்பிதான் பண்ணுனாருன்னு கண்டுபுடிக்கோணுங்களா?" என்று கேட்டார் ஜானகியம்மாள்.

ராபின் தலையை ஆட்டினான். "இல்லக்கா. அவன் செய்யலன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அவன்தான்னு ஆயிட்டா, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கு, பாட்டு எதுக்கு?"

தங்கவேலு இப்படி ஒரு கட்சிக்காரரைப் பார்த்ததே இல்லை. மொபெட்டின் சாவியை எடுத்துக்கொண்டு அவனே முதலில் படியிறங்கினான்.

கம்பெனி மாடியறையில் அந்த அட்டைப்பெட்டி கிடந்தது. தங்கவேலு குனிந்து பார்த்த மாத்திரத்தில் துள்ளினான். பெட்டியின் வாயில் கீழே கண்ணாடி டேப் ஒழுங்காக ஒட்டியிருந்தது; அதை அறுத்து, அதன்மேல் பழுப்பு டேப் கோணல்மாணலாக ஒட்டப்பட்டிருந்தது. ராபின், காலையில் தான் கிழித்தது பழுப்பு டேப்பைத்தான் என்றான். அப்படியானால் கட்டிய பெட்டியை நடுவில் யாரோ திறந்திருக்கிறார்கள். அறைச்சாவி அருள்செல்வனிடம். வழக்கு முடிந்தது என்று கைகளைத் தட்டிக்கொண்டான் தங்கவேலு. எந்த வழக்கையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவது அவன் வழக்கம். ஒவ்வொரு தடவையும் தவறாக முடிப்பான் என்பது தனிக் கதை.

ஜானகியம்மாள் அவசரப்படவில்லை. மெஷினைச் சுற்றி மெல்லிய வெள்ளைத்தாள். ஈரம் உறிஞ்சும் குருணைப் பொட்டலங்கள். பிளாப்பிகள் மட்டும் தனியாக ஒரு பாலிதீன் பையில், எல்லாவற்றுக்கும் மேலே. ஒவ்வொரு பிளாப்பியிலும், அதன் தகரத் தகட்டைக் காட்டியபடி, ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

"எந்தப் பக்கம் சொருகோணும்னு அம்பு போட்டிருக்குதுங்க்கா" என்று விளக்கினான் தங்கவேலு. பிளாப்பிகள் வாங்கி வந்த காலி டப்பாவையும் எடுத்து ஆராய்ந்தான். அதில் ஒரு லாடத்தின் படம், குறுக்கே ஒரு கோடு. குதிரை மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்போல என்றான்.

ஜானகியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எல்லா பிளாப்பியுமே போய்விட்டதா என்று ராபினிடம் கேட்டார். மெஷினை எழுப்புகிற பிளாப்பி ஒன்று உண்டு, அது எப்போதும் மெஷினுக்குள்ளேயே கிடக்கும், அது மட்டும் வேலை செய்கிறது என்றான் அவன். பெட்டியைக் கட்டியது யார்? பேக்கிங் மேற்பார்வை ராமுத்தாய்தான், நேற்று மத்தியானம். அவள் கட்டிய பெட்டி கப்பலேறினாலும் கசங்காது என்று கம்பெனியில் பேச்சு.

எல்லோரையும் கீழே பேக்கிங் மேசைக்கு அழைத்தார் ஜானகியம்மாள். பின்னாலிருந்த தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ராமுத்தாய் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். அருள்செல்வன் யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு மூலையில் நின்றான்.

"அருளு தம்பி, பொட்டியத் தொறந்தது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

தங்கவேலு ராபினைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"தொறக்கறப்பவே பிளாப்பி பேசலீங்களே?"

அருள்செல்வன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்? கடைசியா ஒருக்கா கேக்கலாம்னு நேத்துச் சாயங்காலம் தொறந்தனுங்க. ஒண்ணுகூட ஓடல. நானு எதையோ தொட்டுத்தான் கெடுத்துப்போட்டேன்னு நெனச்சேன். இவங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றதுங்க?"

ஜானகியம்மாள் தங்கவேலுவின் பக்கம் திரும்பினார். விற்பனையைக் கெடுக்க நினைப்பவன் எதைக் கெடுப்பான்? மெஷினை எழுப்புகிற பிளாப்பியைத்தான். அது போனால் மெஷினே எழுந்திருக்காது. அதை விட்டுவிட்டுப் பாடுபட்டுச் சேர்த்த தன் சத்தங்களையே அழிப்பானா? எது செத்தது, எது பிழைத்தது என்று பார் என்றார். வெளியே இருந்தவை செத்தன. இரும்பு உடம்புக்குள் இருந்தது பிழைத்தது.

"அப்பறம் அந்த அம்பு. தங்கவேலு, உன்ற ஊட்டுக்காரி செக்கிங்லதான இருக்குது? செவப்பு அம்பை எதுக்கு ஒட்டுவாங்க?"

தங்கவேலுவுக்கு முகம் சிவந்தது. துணியில் எங்கே குறை இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டத்தான் சிவப்பு அம்பு. குறையுள்ள பீஸைத் தனிப் பையில் மேலாக வைப்பதும் வழக்கந்தான். ராத்திரிச் சோற்றோடு தினமும் கேட்கிற சங்கதி.

"பிளாப்பியோட தகட்டுல என்ன கொறையைக் கண்டீங்க, ராமுத்தாயி?"

ராமுத்தாய்க்கு இன்னும் எதுவும் புரியவில்லை. வேலையில் ஒரு குறை வைக்காதவளின் நிமிர்வோடு சொன்னாள். "ஊசிதேம்மா. வெளியூருக்குப் போற பெட்டியாச்சேன்னு ஒண்ணொண்ணா காந்தம் வச்சுத் தேச்சேன். அந்தத் தகடுகிட்டப் போனா எல்லாத்துலயும் கபக்குனு ஒட்டுது. உள்ள உடஞ்ச ஊசி கெடக்குன்னு திருப்பித் திருப்பித் தேச்சுப் பாத்தேன், வெளிய வரமாட்டேங்குது. சரி, ராபின் தம்பி பாத்துக்கிரும்னு அம்பு ஒட்டி வச்சேன். பெரிய மெசினு பூராமே இரும்பு, அதுல தேச்சு என்னாகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

ஜானகியம்மாள் காலி டப்பாவைத் தூக்கிக் காட்டினார். லாடம் இல்லை, காந்தம். பிளாப்பியில் சத்தம் தங்குவது காந்தப் பூச்சில். காந்தத்தைக் கொண்டே தேய்த்தால் அழிந்துவிடும். அனுப்பும் துணியில் உடைந்த ஊசி ஒரு துணுக்கு இருந்தாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வருகிற ஊர் இது. ராமுத்தாய் இந்தப் பெட்டிக்கும் அந்த அக்கறையைக் காட்டிவிட்டாள்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அருள்செல்வன் ராபினின் எதிரே வந்து நின்றான்.

"நானு பண்ணியிருப்பேன்னு நெனச்சியாடா?"

"நெனச்சேம்ல. நெனச்சிட்டு, பொறுக்க மாட்டாமத்தான் அக்காகிட்ட ஓடுனேன்."

அருள்செல்வன் சட்டைக் கையை மடித்துவிட்டான். "செரி, வா. பிளாப்பிய அழிச்சு மறுக்கா எழுதலாமல்ல? நம்ம கம்பெனி எங்கீம் போயிரலியே."

அடுத்த இரண்டு மணிநேரத்தைத் தங்கவேலு ஆயுசுக்கும் மறக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மௌனத்தில் ஒவ்வொரு மெஷினாக ஓடியது. ராபின் ஓவர்லாக்கை மிதிக்க, அருள் மைக்கைப் பிடிக்க, அயர்ன் பாக்ஸ் ஆவி விட்டுச் சீறியது. தங்கவேலு கத்தரியைத் திறந்து திறந்து மூடினான். சரியாக வரவில்லை என்று மறுபடி மறுபடி மூடச் சொன்னார்கள், அவனும் பரமானந்தமாக மூடினான். ராமுத்தாயை இழுத்து வந்து, மடித்த பனியன் கட்டைக் கையால் அறையச் சொன்னார்கள். அழுத கண்ணோடு ஓங்கி அறைந்தாள். பட்டனைத் தட்டியதும் அந்த அறை தாளத்தின் அடியில் தொம்மென்று விழுந்தது.

வாசலில் ஆரோக்கியராஜ் நின்றிருந்தார். எப்போது வந்தாரென்று யாரும் கவனிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் தலையாட்டிக்கொண்டிருந்தவர், பனியன் கட்டை அறைந்தது யார் என்று மட்டும் கேட்டார். இன்னும் ஒருமுறை அறையச் சொன்னார்.

ராத்திரி ரயிலுக்குப் பெட்டியைத் தூக்கி வந்தது அருள்செல்வன். ராபின் ஒரு பக்கம் பிடிக்க வந்தபோதும் விடவில்லை. ஆரோக்கியராஜின் சீட்டுக்கடியில் வைத்துவிட்டு, அதன் மேலிருந்து கையை எடுக்க அவனுக்குச் சற்று நேரமாயிற்று. வண்டி நகர்ந்து கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் பேசினான்.

"நாளைக்கிக் கோயமுத்தூர் போறோம். கம்ப்யூட்டர நாந்தாண்டா பாத்து எடுப்பேன்."

"நீயே எடுல" என்றான் ராபின்.