அப்பாவின் ஓக், அம்மாவின் மேப்பிள்

ஹோல்மவிக் பள்ளியின் வாத்தியக் குழுவுக்குப் புதுச் சட்டைகள் வேண்டியிருந்தன. பணம் சேர்க்க, ஒவ்வொரு வசந்தத்திலும் செய்வதுபோலவே, பெற்றோர்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் பழைய சாமான் சந்தை போட்டார்கள். சந்தை பிரமாதமாக நடந்தது. சோபா விற்றது. கால் ஆடும் மேசை விற்றது. ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டைகூட விற்றது.

வாத்தியக் குழு தோளில் மாட்டி அடிக்கும் ஸ்நேர் ட்ரம்மும் விற்றுப்போனது.

"யாருப்பா வித்தது?" என்று கேட்டாள் குழுவில் அதை அடிக்கும் தீரில்.

அப்பா யூஸ்டைன் கூரையைப் பார்த்தார். "அது ஓரமா சும்மாதான் இருந்துச்சு..."

"அது என் ட்ரம்ப்பா! ஒரே ஒரு வாஃபிள் சாப்பிடப் போனேன். பாதிகூடத் திங்கல, அதுக்குள்ள வித்துட்டீங்களா?"

"நல்ல விலைக்குத்தான் வித்தேன்."

"யாருக்கு?"

"சிவப்புக் கார்ல ஒருத்தர் வந்தாரு. பேரு கேக்கல. பூச்செடி வைக்கத் தோதா இருக்கும்னு சொன்னாரு."

தீரில் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கோ ஒரு பால்கனியில், தன் ட்ரம்முக்குள் ஒரு ரோஜாச் செடி வேர்விடுவது அவளுக்குத் தெரிந்தது.

குழுவை நடத்தும் ஹெடா செய்தியைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மே பதினேழு, தேசிய நாள் ஊர்வலம், நெருங்கிக்கொண்டிருந்தது.

"ட்ரம் இல்லாம எப்படி நடக்கறது? காலை எப்ப தூக்கணும்னு நமக்குச் சொல்றதே அதுதானே," என்றாள் ஹெடா. "ஊர்வலக் கமிட்டி என்ன சொல்லுது தெரியுமா? ட்ரம் இல்லன்னா லாங்விக் பள்ளிக்குப் பின்னால போய், அவங்க தாளத்துக்கு நடங்கன்னு சொல்லுது."

கூடத்தில் ஒரே கூச்சல். லாங்விக் தாளத்துக்கா? போன வருஷம் கால்பந்தில் தங்களை ஒன்பது கோல் போட்டு அடித்த அந்த லாங்விக்கா?

"அதுக்கு நான் வீட்லயே உட்கார்ந்து ஊறுகாய் மீன் திங்கறேன்," என்றான் எஸ்கில். அவன் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகுழல் வாசிப்பவன். ஊறுகாய் மீனைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும்.

தீரில் பள்ளியின் சாமான் அறையைக் குடைந்தாள். அடியில் ஒரு பழைய ட்ரம் கிடைத்தது. மேல்தோல், கீழ்த்தோல், கீழே 'ஸ்ர்ர்' என்று சிலிர்க்கும் கம்பிகள், சுற்று வளையங்கள் எல்லாம் நன்றாக இருந்தன. நடுவில் இருக்கும் மர உருளை மட்டும் தண்ணீரில் ஊறிப் பிளந்திருந்தது.

"மரம்தானே? நான் செஞ்சு தரேன்," என்றார் அப்பா. அவர் படகு கட்டுபவர். செய்த தப்புக்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்தவர்.

"நீயா? நீ செஞ்சா அதுல ஏறி மீன் பிடிக்கப் போகலாம்," என்றாள் அம்மா ஓட்டிலியா. அவள் மரத்தை மெல்லியதாகச் சீவி, ஆவியில் வளைத்து அழகான பெட்டிகள் செய்பவள்.

"நீ செஞ்சா தும்மினாலே பறந்துடும்," என்றார் அப்பா.

அப்பாவின் உருளை முதலில் தயாரானது. ஓக் மரம், கட்டைவிரல் பருமன். தீரில் தோல்களை மாட்டி, கயிற்றைத் தோளில் போட்டாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துறைமுகத் தெருவில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அவள் குச்சியை ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

டாக்!

கடற்பறவைகள் மொத்தமாக எழுந்து பறந்தன. ஒரு நாய் காருக்கு அடியில் புகுந்தது. ஒரு ஜன்னல் திறந்து, "யாரு சுடறது?" என்று ஒரு குரல் கேட்டது.

"பாத்தியா, எவ்வளவு தெளிவா இருக்கு!" என்று அப்பா கை தட்டினார்.

தெளிவாகத்தான் இருந்தது. கெட்டியான, தடித்த ஓக் துளிகூட அசையவில்லை. அடித்த அடியை அப்படியே தூக்கி வெளியே எறிந்தது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் முன்வரிசைப் புல்லாங்குழல் பிள்ளைகள் ஒரு முழம் துள்ளினார்கள். துள்ளும்போது யாராலும் புல்லாங்குழல் வாசிக்க முடியாது.

"நாம நடக்கல, தவளை மாதிரி போறோம்," என்றாள் ஹெடா.

அடுத்து அம்மாவின் உருளை வந்தது. மேப்பிள் மரம், பிஸ்கட்டைவிட மெலிது. தீரில் தோல்களைக் கழற்றி இதில் மாட்டி அடித்தபோது 'ப்ரும்ம்' என்றது. மடியில் படுத்த பூனையின் சத்தம்போல, தாழ்ந்து, இதமாக. ஹெடாவுக்கே கொட்டாவி வந்தது.

"எவ்வளவு இனிமை!" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து.

தெருவில் இறங்கியதும் எஸ்கிலின் டியூபா அந்த இனிமையை முழுசாக விழுங்கிவிட்டது. பின்வரிசைக்குத் தாளம் கேட்கவே இல்லை. முன்வரிசை தேவாலயத்தின் பக்கம் திரும்ப, பின்வரிசை வாசித்துக்கொண்டே நேராகப் போய் ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்றது.

"தாளம் கேக்கல ஹெடா! நாங்க என்ன பண்றது?" என்றான் ஒரு டிரம்பெட் பையன். அவன் கையில் ஏற்கெனவே ஐஸ்கிரீம் இருந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் அப்பாவும் அம்மாவும் தீரிலிடம் மட்டும் பேசினார்கள்.

"தீரில், ஓக்குன்னா அடி ஊருக்கே கேக்கும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"தீரில், ஊரே காதைப் பொத்திக்கிச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு. அப்படியே வெண்ணெயையும் எடுத்துத் தரச் சொல்லு."

தீரில் மேப்பிள் ட்ரம்மையும் ஓக் உருளையையும் தூக்கிக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போனாள். எஸ்கிலும் வந்தான்.

"ரெண்டுல எதை எடுத்தாலும் ஒருத்தர் மூஞ்சி தொங்கிடும்," என்றாள்.

"எங்க வீட்ல கேக் ரெண்டு செஞ்சா ரெண்டையும் திங்கச் சொல்வாங்க," என்றான் எஸ்கில்.

ஓக்கின் பக்கவாட்டில் கை வைத்துத் தட்டினாள். பாறையைத் தொட்டதுபோல இருந்தது. மேப்பிளில் கை வைத்துத் தட்டினாள். உள்ளங்கை கூசியது.

"இது தோலோட சேர்ந்து தானும் ஆடுது எஸ்கில்! அதான் சத்தம் தாழ்ந்து, மெத்துன்னு வருது."

குச்சியால் அடிக்க அடிக்க மேப்பிள் ட்ரம் பெஞ்சில் வழுக்கிக்கொண்டே போனது. எஸ்கில் அதன் மேல் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். அவள் மறுபடி அடித்தாள்.

ட்ரட்!

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கையை எடு."

ப்ரும்ம்.

"பிடி."

ட்ரட்!

"விளிம்பு ஆடாம இருந்தா போதும்!" என்று கத்தினாள் தீரில். "வயிறு ஆடலாம். விளிம்புக்கு மட்டும் கெட்டியா ஒரு பிடி வேணும்."

"ஊர்வலம் முழுக்க நான் இப்படிப் பிடிச்சுக்கிட்டே வரணுமா? அப்ப டியூபாவை யாரு வாசிக்கறது?"

தீரில் ஓக் உருளையின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுக்கணுமா?" அப்பா நெஞ்சில் கை வைத்தார். "என் ஓக்கையா?"

"மேலேருந்து ஒரு வளையம், கீழேருந்து ஒரு வளையம். வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவி மேப்பிளுக்கு உள்ளே ஒட்டினா போதும்ப்பா."

"என் மேப்பிளுக்குள்ள இந்தப் படகுக் கட்டையா?" என்றாள் அம்மா.

தீரில் இடுப்பில் கை வைத்தாள். "அப்பா, சந்தையில என் ட்ரம்மை வித்தது யாரு?"

அப்பா ரம்பத்தை எடுத்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அம்மா, அந்தக் காசை வாங்கிப் பெட்டியில போட்டது யாரு?"

அம்மா பசைப் புட்டியை எடுத்தாள்.

மே பதினேழு காலை. வீட்டுக்கு வீடு கொடி. தெரு முழுக்கப் புது உடுப்பு, ஐஸ்கிரீம் மீசை, ஹுர்ரா! ஹோல்மவிக் பள்ளியின் குழு துறைமுகத் தெருவில் வரிசையாக நின்றது. ஹெடா கையை உயர்த்தினாள். தீரில் குச்சிகளை ஓங்கினாள்.

ட்ரட்! ட்ரட்! ட்ரர்ர்ர-ட்ரட்!

புல்லாங்குழல்கள் துள்ளவில்லை. டியூபா விழுங்கவில்லை. கூர்மையாகக் கிளம்பிய ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஓர் இதமான வால் இருந்தது. முன்வரிசை தேவாலயப் பக்கம் திரும்பியது. பின்வரிசை ஐஸ்கிரீம் கடையை ஏக்கமாகப் பார்த்தது. ஆனாலும் திரும்பியது! எல்லா இடது கால்களும் ஒன்றாக விழுந்தன. ஹெடா கூட்டத்தில் யாருக்கோ கையசைத்து, தன் காலையே தவறாக வைத்துவிட்டாள்.

ஓரத்தில் அப்பாவும் அம்மாவும் கொடியை ஆட்டிக்கொண்டே கூடவே ஓடி வந்தார்கள்.

"அந்த ட்ரட் என் ஓக்!"

"அதுக்குப் பின்னால வருதே, அது என் மேப்பிள்!"

ஊர்வலம் முடிந்து எல்லோரும் பள்ளி முற்றத்தில் கூடியபோது, லாங்விக் குழுவின் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் தீரிலிடம் வந்தாள். கன்னமெல்லாம் கெட்ச்அப்.

"உங்க ட்ரம் கொஞ்சுது," என்றாள் வெட்கத்தோடு. "ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாக்கட்டுமா?"

எஸ்கில் கண்ணால் 'வேண்டாம்' என்றான். தீரில் கயிற்றைக் கழற்றி அவள் தோளில் மாட்டிவிட்டாள். குச்சிகளையும் கொடுத்தாள்.

"நடுவுல அடிச்சா நல்லாருக்கும்," என்றாள்.

அவ்வளவுதான். பின்னால் இன்னொரு பிள்ளை நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ட்ரம்முக்கான வரிசை ஹாட் டாக் வரிசையைத் தாண்டி வாசல்வரை போனது.

வரிசையின் கடைசியில், நீ பின்னால போ, நான்தான் முதலில் வந்தேன் என்று முழங்கையால் இடித்துக்கொண்டு, அப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள்.