முதலில் இடது கால்

லெஸ்யா தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே கொல்லைக்கு ஓடுவாள். அங்கே இருக்கும் ஐஸின் மேல் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். உறுதியாக இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். அடியில் 'சரக்' என்று சத்தம் கேட்டால், அன்று முழுவதும் அவளிடம் யாரும் வாய் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

ஏப்ரல் பிறந்ததிலிருந்து சத்தம் கேட்காத நாளே இல்லை.

அந்த ஐஸை அவளும் அம்மாவும்தான் போட்டார்கள். நவம்பர் மாதத்தில் கொல்லையைச் சுற்றிப் பலகை அடித்துத் தண்ணீர் விட்டார்கள். அது உறைந்ததும் மறுபடி விட்டார்கள். பத்து நாள் படாத பாடு பட்டார்கள். நடுவில் ஒரு நாள் ரப்பர் குழாயே உறைந்து கட்டை மாதிரி ஆகிவிட்டது. அதைத் தூக்கி வந்து குளியல் தொட்டியில் வெந்நீர் ஊற்றிப் போட்டார்கள். அன்றைக்கு இருவரும் குளிக்கவில்லை.

அவர்கள் இருக்கும் மெல்வுட் ஊரில் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் இப்படி ஓர் ஐஸ் தளம் உண்டு. வேலை முடிந்து வரும் அப்பாக்கள் பிள்ளைகளோடு அதில் சறுக்குவார்கள். லெஸ்யாவின் அப்பாவுக்கு ஐஸ்தான் வேலையே. அதனாலேயே வீட்டு ஐஸுக்கு அவரால் வர முடிவதில்லை. இது என்ன நியாயம் என்று லெஸ்யா பல தடவை யோசித்திருக்கிறாள்.

அப்பா தராஸ் ஐஸ் ஹாக்கி ஆடிச் சம்பளம் வாங்குகிறவர். பதினாறு வருடத்தில் ஒன்பது ஊர், ஒன்பது அணி. மூக்கு மூன்று தடவை உடைந்திருக்கிறது. முன்பற்கள் இரண்டும் கட்டின பற்கள். வீட்டில் இருந்தால் அவற்றைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, லெஸ்யாவைப் பார்த்து 'ஈ' என்று இளிப்பார். பெரிய லீக்கில் ஆட அவரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். பன்னிரண்டாவது நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. மாடிப்படி ஏறினால் முழங்கால் இரண்டும் முனகும். இதுதான் கடைசி வருடம் என்று அவரே சொல்லிவிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு கோப்பையைக்கூட அவர் தூக்கினதில்லை.

முன்பெல்லாம் அப்பா போகிற ஊருக்கெல்லாம் லெஸ்யாவும் அம்மாவும் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். போன கோடையில்தான் இந்த வீட்டை வாங்கி, அவளும் அம்மாவும் இங்கேயே தங்கிவிட்டார்கள்; அப்பா மட்டும் வெளியூரில் ஆடினார். சொந்தக் கொல்லையும் அதில் சொந்த ஐஸும் கிடைத்தது இதுதான் முதல் தடவை. கிறிஸ்துமஸுக்கு அப்பா இரண்டு நாள் வந்தார். ஆனால் முழங்கால் பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, லெஸ்யா தனியாகச் சறுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீசன் முடியட்டும். இதே ஐஸ்ல நீயும் நானும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்பா ஆடுகிற அணி மார்ச் மாதத்துக்குள் தோற்று வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். இந்த வருடம் பார்த்து அவருடைய பீவர்ஸ் அணிக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, ஜெயித்துக்கொண்டே போனது.

கோப்பைக்கான ஆட்டங்கள் தொடங்கிவிட்டால், தோற்று வெளியே வரும்வரை ஆட்டக்காரர்கள் தாடியை எடுக்க மாட்டார்கள். மெல்வுட்காரர் ஒருவர் அவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதால், இங்கே ஊரில் இருந்தவர்களும் தாடி வளர்த்தார்கள். தபால்காரர் வளர்த்தார், ரொட்டிக் கடைக்காரர் வளர்த்தார், தலைமையாசிரியரும் வளர்த்தார். அவருக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. ஊரில் தாடி வளர வளர, கொல்லையில் ஐஸ் மெலிந்துகொண்டே வந்தது.

அப்பாவுக்கும் லெஸ்யாவுக்கும் நடுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் இருக்கிற நாளில் சரியாக நாலு மணிக்கு அப்பா போன் செய்வார்.

"எந்தக் கால் முதல்ல?" என்பார்.

"இடது கால்," என்பாள் லெஸ்யா.

"அப்புறம்?"

"வலது கால்."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்கு வா."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, அப்பா இடது கால் ஸ்கேட்டை முதலில் மாட்டுவார். அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது ஒரு நாள் விளையாட்டாகத் தொடங்கினது இது. அன்றைக்கு அவர் இரண்டு கோல் போட்டார். அதிலிருந்து இந்த வார்த்தைகளைக் கேட்காமல் அவர் ஸ்கேட்ஸைத் தொடுவதில்லை. ஹாக்கி ஆடுகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான். ஒருவர் துவைக்காத காலுறையை விட மாட்டார், இன்னொருவர் தன் மட்டையைப் பிறர் தொட விட மாட்டார்.

இறுதிப் போட்டியில் யார் முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. ஐந்து ஆட்டம் முடிந்தபோது பீவர்ஸ் மூன்று, எதிரணி இரண்டு. ஆறாவது ஆட்டம் திங்கட்கிழமை.

அன்று காலையில் அம்மா ஒரு செய்தி சொன்னாள். இன்றைக்கு ஜெயித்தால் புதன்கிழமை அந்த ஊரில் ஊர்வலம், அதற்கு அடுத்த நாள்தான் அப்பா கிளம்ப முடியும். ஜெயித்த பிறகும் உடனே வர மாட்டாராமே. ஐஸ் யாருக்காகக் காத்திருக்கும்?

நாலு மணிக்குப் போன் அடித்தது. அம்மா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. லெஸ்யா போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எட்டு தடவை அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

மாலையில் கம்ப்யூட்டரில் ஆட்டம் பார்த்தபோது, கேமரா ஒரு தடவை அப்பாவைக் காட்டியது. பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து, இடது கால் ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு வலது காலை அவிழ்த்தார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க, ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். லெஸ்யா முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பீவர்ஸ் ஒரு கோலில் தோற்றது.

மறுநாள் பள்ளியில், சிநேகிதி பிரென்னாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். பிரென்னா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு மூளை இருக்கா? நேத்து ஜெயிச்சிருந்தா வியாழக்கிழமை கிளம்பியிருப்பாரு. இப்ப வியாழக்கிழமைதான் ஏழாவது ஆட்டமே."

லெஸ்யா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிரென்னா சொன்னது சரிதான். கோபத்தில் இந்தக் கணக்கை அவள் போடவே இல்லை. வியாழன் தோற்றால், அப்பா வெள்ளிக்கிழமையே வந்துவிடுவார். ஜெயித்தால் சனிக்கிழமை ஊர்வலம், ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. சனிக்கிழமை நல்ல வெயில் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு கொல்லையில் ஐஸ் இருக்காது.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எந்தக் கால் முதல்ல?" என்றார் அப்பா. திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

லெஸ்யா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அப்பா, அன்னிக்கு நான் வீட்டுலதான் இருந்தேன். வேணும்னேதான் எடுக்கல."

அந்தப் பக்கம் யாரோ மட்டையைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏன்டா?"

"ஐஸ் கரையுதுப்பா."

"எனக்கும் தினமும் அந்த ஐஸ் ஞாபகம்தான்," என்றார் அப்பா. "இதோ பாரு, நாங்க தோத்தது உன்னால இல்ல. அந்தக் கடைசி கோல் என் முதுகுல பட்டுத்தான் உள்ள போச்சு. என் முதுகு என்னிக்காவது உன்கூட போன்ல பேசியிருக்கா?"

லெஸ்யாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"இன்னிக்கு நீ சொல்லலேன்னாலும் பரவாயில்ல. நான் சமாளிச்சுக்குவேன்," என்றார் அப்பா.

ஜன்னல் வழியே கொல்லை தெரிந்தது. ஐஸின் மேல் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்று மின்னியது. ஆனால் பெஞ்சில் குனிந்து கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டின அப்பாதான் அதைவிட அதிகமாகக் கண்ணுக்குள் நின்றார்.

"இடது கால்," என்றாள்.

"அப்புறம்?"

"வலது கால்."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்கு வா. ஜெயிச்சுட்டு வா."

கடைசியில் சொன்னது வழக்கத்தில் இல்லாத வார்த்தை. அப்பா அதைக் கேட்டு "ம்" என்று மட்டும் சொன்னார். அவருடைய குரல் ஒரு மாதிரி இருந்தது.

பீவர்ஸ் ஜெயித்தது. கோப்பை கைக்குக் கை மாறி அப்பாவிடம் வந்தபோது, கன்னம் மறைக்கிற தாடியும் முன்பல் இல்லாத வாயுமாக அவர் சிரித்த சிரிப்பை மெல்வுட்டே பார்த்தது. தெருவில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. லெஸ்யா சோபாவில் ஏறிக் குதித்தாள். குதித்து முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. மெல்ல இறங்கி உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவளைத் தேற்றுவதற்காகப் பிரென்னா தன் பண்ணைக்குக் கூட்டிப்போனாள். முற்றம் முழுக்கச் சேறு. இருவரும் வைக்கோல் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்தபோது, ஒரு கட்டு சரிந்து உருண்டது. அது இருந்த இடத்தில், அடியில், வெள்ளை வெளேரென்று பனி.

"இது ஏன் இன்னும் கரையல?" என்றாள் லெஸ்யா.

"மேல வைக்கோல் கிடக்குல்ல. வெயில் உள்ள போகாது," என்றாள் பிரென்னா. பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிரென்னாவின் அப்பா நாலு கட்டு கொடுத்து, தன் வண்டியிலேயே லெஸ்யாவின் வீட்டுக்குக் கொண்டுவந்தும் இறக்கினார். மொத்தக் கொல்லைக்கும் அது போதாது. எந்த இடம் அதிக நேரம் நிழலில் இருக்கும் என்று லெஸ்யா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கொல்லையில் இருந்த சாமான் கொட்டகைக்குப் பின்னால், ஐஸின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே நின்ற தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளி, வேலியோரம் மிச்சமிருந்த பனியை வாரிப் போட்டு, அதன் மேல் வைக்கோலைக் கனமாகப் பரப்பினாள். அம்மாவும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உதவிக்கு வந்தாள்.

சனிக்கிழமை வானொலியில் சொன்ன மாதிரியே வெயில் கொளுத்தியது. மாலைக்குள் கொல்லை குளமாகிவிட்டது. இரண்டு வாத்துகள் வந்து அதில் இறங்கின. லெஸ்யா அவற்றை விரட்டக்கூட இல்லை. வைக்கோலைத் தூக்கிப் பார்க்கவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். தாடி அப்படியே இருந்தது. லெஸ்யாவைத் தூக்கி அணைத்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலாகக் கொல்லையைப் பார்த்தார். சேறும் தண்ணீரும் வாத்துகளும்தான் தெரிந்தன.

"தாமதமாயிடுச்சுடா," என்றார் மெதுவாக.

"ஸ்கேட்ஸை எடுத்துட்டு வா," என்றாள் லெஸ்யா.

கொட்டகைக்குப் பின்னால் போய், இரண்டு கையாலும் வைக்கோலை ஒதுக்கினாள். கீழே ஐஸ் இருந்தது. ஓரமெல்லாம் கரைந்து, ஒரு கட்டில் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. அவள் ஒரு காலை வைத்து அழுத்தினாள். சத்தம் கேட்கவில்லை.

அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கு உடைந்தபோது அழாதவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பிரிக்காமல் மிச்சமிருந்த ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"எந்தக் கால் முதல்ல?"

"இடது கால்." அவளே மாட்டிவிட்டுக் கயிற்றை இறுக்கினாள்.

"அப்புறம்?"

"வலது கால்."

"அப்புறம்?"

லெஸ்யா முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அதான் வந்தாச்சே," என்றாள்.

அவளும் தன் ஸ்கேட்ஸை மாட்டிக்கொண்டதும், இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸின் மேல் ஏறி நின்றார்கள். ஒரு சுற்று சுற்ற அந்த இடம் போதுமாக இருந்தது.