பின்னறைக்கு எட்டாத சிக்னல்

அந்தி மங்கும் நேரத்தில் சர்ஃபராஸ் கும்மிடிப்பூண்டியிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. புதுவாயல் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த நீளமான வீட்டின் முன்கூடத்தில், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, நடு முற்றத்தையும் தாண்டி, பின்னறைக்குப் போய் உம்மாவிடம் பையை நீட்டினான், ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டவன் மாதிரி.

மெஹர்னிசா எட்டிப் பார்த்தாள். சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு டப்பா.

“இருக்கிறதுலயே மலிவானதை எடுத்துகினு வந்தியா?”

“கடையில துளசிராமன் நாலு காட்டினான் உம்மா. ஒரு கொம்பு வெச்சது, மூணு கொம்பு வெச்சதுன்னு. மோடம்தான் ஏற்கெனவே இருக்குதே, புது ரவுட்டர் எதுக்குன்னு கேட்டேன். அப்போ ஒரு அக்சஸ் பாயின்ட் போதும், மோடத்துலேர்ந்து ஒயர் இழுத்து ஊட்டுக்கு நடுவுல வெச்சிடுன்னான். பேர் தெரியாத கம்பெனிதான். வேலை செஞ்சா போதாதா?”

அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள் மெஹர்னிசா. அப்பன் அப்துல் கனி, பழைய இரும்பு வியாபாரி, மவுத்தாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உருக்காலைகளில் கழித்துப்போட்ட தகடுகளையும் கம்பிகளையும் சும்மா கிடைக்கிறதே என்று சுவருக்குள் வைத்து வீடு கட்டிய மகான். சுவர் இப்படி இருந்தால் சிக்னல் எங்கே நுழையும்? முன்கூடத்தில் இருக்கும் மோடத்தின் சிக்னல் முற்றத்தோடு செத்துவிடுகிறது. அவளோ புருஷன் இறந்தபின் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருக்கிறாள். அன்னிய ஆண்கள் வந்துபோகும் முன்கூடத்துக்கு அவள் போக முடியாது.

ஷார்ஜாவில் மகள் ரமீஸாவுக்குப் போன வாரம் பெண் குழந்தை. அந்தக் குழந்தையின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் மெஹர்னிசாவுக்கு. தானே பார்த்த பையனை நிக்காஹ் செய்துகொண்ட குற்றத்துக்காக, “அவ முகம் இந்த ஊட்டுக்குள்ள வரக் கூடாது” என்று அப்துல் கனி சொல்லியிருந்தார். சாகும்வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. பெற்ற மகளிடம் வீராப்புக் காட்டிய அந்த மனுஷனை நினைத்தால் அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

வீட்டுக்கு நடுவில் என்றால் முற்றம்தான். அங்கே சுவரில் ஒரே ஒரு சுவிட்ச் போர்டு. அப்துல் கனியின் மய்யித்தைக் குளிப்பாட்டிய அந்த இடத்தில், நாற்பதாம் நாள் பாத்திஹா வரை அணையாமல் எரிவதற்காக ஒரு சின்ன பல்பு போட்டிருந்தார்கள். சர்ஃபராஸ் அந்த பல்பின் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு டப்பாவைச் செருகி, மோடத்திலிருந்து இழுத்து வந்த ஒயரை அதில் மாட்டினான்.

“டேய், அதை எடுக்காத. இன்னொரு போர்டு வெச்சிக்கலாம்.”

“அதுக்கு எலக்ட்ரீசியனைக் கூப்பிடணும். இருக்கிறப்பவே நம்மள லைட்டு போட விட்டதில்ல, இப்போ அவருக்கு எதுக்கு லைட்டு?”

சுவிட்சைப் போட்டான். பச்சை விளக்கு மினுக்கியது. பின்னறைக் கட்டிலில் இருந்த லேப்டாப்பில் சிக்னல் நிறைந்தது. இரவு இஷா தொழுகைக்குப் பிறகு, திரையில் ரமீஸாவின் முகம் வந்தது.

“உம்மா, இளைச்சிட்டியே. இரு, புள்ளைய தூக்கிக்கினு வரேன்.”

டக்.

திரை உறைந்தது. முற்றத்தில் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

“மலிவு டப்பா,” என்றாள் மெஹர்னிசா.

சர்ஃபராஸ் போய்ப் பார்த்தான். டப்பாவில் ஒரு கோளாறும் இல்லை. சுவிட்ச்தான் அணைக்கப்பட்டிருந்தது. போட்டுவிட்டு வந்தான். மறுபடி ரமீஸாவின் முகம் வந்தது.

டக்.

இந்தத் தடவை இருவருமே முற்றத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே யாரும் இல்லை.

கற்பூர வாசம் மெல்ல அறைக்குள் வந்தது. கபன் துணிக்குத் தூவிய அதே கற்பூரம். அதற்கு அடியில் துரு வாசம்.

சர்ஃபராஸ் அறை வாசல்வரை போய் நின்றுவிட்டான்.

“உம்மா,” என்றான் கிசுகிசுப்பாக. “தரை ஈரமா இருக்குது.”

குளிப்பாட்டிய இடம் முழுவதும் நனைந்திருந்தது. மழை இல்லை. குழாயும் அங்கே இல்லை.

அடுத்த நொடி அவன் முன்கூடத்துக்கு ஓடிவிட்டான். வாய்தான் பெரிசு, அப்பனைப் போலவே.

மெஹர்னிசாவுக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஈரத்தில் கால் வைத்து நடந்து போனாள். சுவிட்சைப் போட்டு, அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

சில்லென்று ஏதோ அவள் விரலின்மேல் வந்து உட்கார்ந்தது.

பிறகு கீழே இருந்து நெம்பியது.

அவள் விடவில்லை. கட்டிலில் லேப்டாப் திரையில் ரமீஸா மறுபடி வந்திருந்தாள். அவள் மடியில் வெள்ளைத் துணிச் சுருள் ஒன்று. இவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. கையை எடுத்தால்தான் கிட்டே போய்ப் பார்க்க முடியும்.

“இன்னாங்க,” என்றாள் மெல்ல, வெறுப்போடு. “பெத்த பொண்ணுக்கு ஒரு வாய் நல்ல வார்த்தை சொல்லத் துப்பில்ல. செத்தும் சுவிட்சைப் புடிச்சிக்கினு தொங்குறீங்க. அவ முகம் இந்த ஊட்டுல இல்ல, அவ ஊட்டுல இருக்குது. ஆம்பளையா இருந்தா அங்க போய் நிறுத்துங்க பாக்கலாம்.”

நெம்புவது நின்றது.

விரல்மேல் குளிர்ச்சி மட்டும் யோசிப்பது போல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு விலகியது. பச்சை விளக்கு படபடவென்று வேகமாக மினுக்கி, பிறகு நிதானத்துக்கு வந்தது.

அவ்வளவுதானா உங்க வீரம், என்று முணுமுணுத்துக்கொண்டே மெஹர்னிசா அறைக்கு ஓடினாள். ரமீஸா குழந்தையை கேமராவுக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தாள். சிவந்த, சின்ன முகம். மூக்கு ரமீஸாவின் மூக்கு. மெஹர்னிசா திரையைத் தொட்டு, அத்தனை நாளும் வராத அழுகையை அழுதாள்.

டக்.

இந்தத் தடவை சத்தம் லேப்டாப்பின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

திரையில் ரமீஸாவின் அறை இருண்டது. இணைப்பு அறுந்துபோகவில்லை. இருட்டுக்குள் குழந்தை வீறிட்டு அழுவது தெளிவாகக் கேட்டது.

“ரமீஸா, லைட்டை யார் நிறுத்தினது?”

“தெரியல உம்மா. இவர் டூட்டிக்குப் போயிருக்காரு. நானும் புள்ளையும்தான் இருக்கோம்.”

தன் வாயாலேயே அவரை அனுப்பிவைத்துவிட்டது மெஹர்னிசாவுக்குப் புரிந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடு என்று மகளிடம் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் குழந்தையின் அழுகை பாதியில் நின்றது.

“உம்மா,” என்றாள் ரமீஸா மெதுவாக. “இங்க தரையெல்லாம் ஈரமா இருக்குதே.”

மெஹர்னிசா திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். அது ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்து கிடந்தது.