மயில்கள் கண்டுபிடித்த சொல்

“தரையில் பெரியது. கிழக்கு ஓடை.”

சட்டைப்பையில் இருந்த கைபேசி இதைச் சொன்னபோது குழந்தைவேல் வரப்பில் ஒரு காலும் வாய்க்காலில் ஒரு காலுமாக நின்றிருந்தார். மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் ஓடைக்கரை மூங்கில் சடசடவென்று முறிந்தது. யானை வந்தது, தொட்டியில் தண்ணீர் குடித்தது, வந்த வழியே போனது. அவர் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தார். நொச்சிப்புதூரில் யானை வருவது இப்போது அவ்வளவு சாதாரணமான சங்கதியாகிவிட்டது.

கைபேசி சொன்னது மயில்கள் சொன்னதைத்தான். மலையடிவாரத்து மரங்களில் தேங்காய் அளவுக்குச் சின்னச் சின்னப் பெட்டிகள் தொங்கின. அகவுணரி என்று பெயர். மயில் அகவினால் அது அந்தக் குரலை அலசி, யார் யாருக்கு என்ன சொல்கிறார் என்று பிரித்து, மனிதப் பேச்சாக்கி ஊராரின் கைபேசிகளுக்கு அனுப்பிவிடும். செய்தவர் ரிஸ்வானா என்ற ஒலி ஆராய்ச்சியாளர். கோயம்புத்தூரிலிருந்து வந்து, பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்னறையில் தங்கி, மழை வெயில் பாராமல் மயில்களின் பின்னால் அலைந்தவர்.

மயில் பேச்சு புரிந்துவிட்டது என்றதும் ஊரார் எதிர்பார்த்தது வேறு. முருகனுடைய வாகனமாயிற்றே, ஏதாவது பெரிதாகச் சொல்லும் என்று காத்திருந்தார்கள். அவை சொன்னதெல்லாம் நான்கைந்து சங்கதிகள்தான். இங்கே இருக்கிறேன். நீ எங்கே. இது என் இடம், போ. தரையில் ஆபத்து, சிறியது அல்லது பெரியது. மேலே ஆபத்து. நொச்சிப்புதூரில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் பேசி முடிப்பதற்கு முன் இரண்டு வீட்டாரும் மலைக்கோயில் படிக்கட்டில் நின்று மயில் அகவுவதற்குக் காத்திருப்பார்கள். அகவினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாகக் கணக்கு. அகவுணரி வந்தபின் முதன்முதலாக அப்படி நின்ற கூட்டத்தில் அத்தனை கைபேசிகளும் “இது என் இடம், போ” என்றன. மாப்பிள்ளையின் அப்பா தன் கைபேசியை அணைத்து மடியில் செருகிக்கொண்டு, சாமிக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டுத் தட்டை மாற்றினார்.

ஆனால் யானை விஷயத்தில் ஊர் அகவுணரியைக் கையெடுத்துக் கும்பிட்டது. குழந்தைவேலின் தம்பியை ஒரு விடியற்காலையில் யானை மிதித்துப் போட்டிருந்தது. அன்று முதல் குழந்தைவேல் தண்ணீர் கட்டப் போனால் அவர் மனைவி சுகந்தி வாசற்படியில்தான் நிற்பாள். அவர் தலை தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும். அகவுணரி வந்தபின் அந்த நிற்பு நின்றது. மயில்களை நம்பித்தான் அவள் புருஷனை அனுப்பினாள்.

வினை தக்காளியில் வந்தது.

மயில்கள் பெருகிவிட்டன. ஒரு பழத்தை எடுத்து முழுதாகத் தின்றாலாவது மனசு ஆறும். அவை ஒவ்வொரு பழத்தையும் ஒரு கொத்து கொத்திவிட்டு அடுத்ததற்குப் போகும். நொச்சிப்புதூரில் மயில்மேல் யாரும் கல்லெறிய மாட்டார்கள். வெடி போட மாட்டார்கள், வலை கட்ட மாட்டார்கள். பக்கத்து ஊரில் தானியத்தில் மருந்து கலந்து வைத்ததைக் கேட்டு இந்த ஊர்ப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செத்த பறவைகளைப் பொறுக்கிப் புதைத்தது ரிஸ்வானாதான்.

கோயில் மண்டபத்தில் ஊர் கூடியபோது வழி சொன்னவள் சுகந்தி.

“கல்லெடுத்து எறிஞ்சாத்தானுங்க பாவம்? பேசுனா என்ன பாவம்? அதுக பாசையிலயே சிறுத்தை வருதுன்னு சொன்னா அதுகளே ஓடிப்போயிருமில்லைங்க.”

மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. கை நீட்டாமல், ரத்தம் சிந்தாமல், சாமிக்கும் கோபம் வராமல் காரியம் முடியும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ரிஸ்வானாவுக்குப் பிடிக்கவில்லை. “நான் இதைக் கேக்கறதுக்குத்தான் செஞ்சேன் அக்கா, பேசறதுக்கு இல்ல,” என்றார்.

“அப்ப மருந்து வெக்கட்டுமா அம்மிணி?” என்று யாரோ கேட்டார்கள். ரிஸ்வானா புதைத்த பறவைகளை நினைத்திருக்க வேண்டும். சரி என்றார்.

அப்படி வந்தது குரல்வீசி. தோட்டத்து மூலையில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு ஒலிபெருக்கி. மயில் வரப்பைத் தாண்டினால் சிறுத்தைக்கான குரலைக் கொடுக்கும். முதல் பருவத்தில் கொத்துப்படாத பழமாக இறங்கின. சுகந்தி ஒரு கூடை பழத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த பருவம் சிறுத்தை பலிக்கவில்லை. பருந்துக் குரலை மாற்றினார்கள். அதுவும் பழகிப் போனது. யானைக் குரலை வைத்தார்கள். கடைசியில் ரிஸ்வானாவைக் கேட்காமலே ஒருவன் குஞ்சுக் குரலைத் தேடி எடுத்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஒலிபெருக்கியை வைத்துக் குஞ்சு கூப்பிடுவதுபோல் போட்டால், பெட்டை மயில்கள் தக்காளியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடின.

“அந்தப் பொட்டை மயிலு காலையில இருந்து குஞ்சைத் தேடிட்டுத் திரியுது புள்ள,” என்றார் குழந்தைவேல். “பாக்கவே ஒரு மாதிரியா இருக்குது.”

“பழம் பறிக்கற வரைக்குந்தானுங்க. அப்பறம் நிறுத்திக்கலாம்.”

அவளுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

குரல்வீசி பேசுவதைக் கேட்டுச் சில மயில்கள் தாமும் எச்சரிக்கைக் குரல் கொடுத்தன. அவை உண்மையான மயில்கள் என்பதால் அகவுணரியும் அதை நம்பி ஊரை எழுப்பியது. ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி ஓடி ஒளிந்தார்கள். யானையைக் காணோம். நாளுக்கு இப்படிப் பல தடவை நடந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ரிஸ்வானாவிடம் முறையிட்டார்கள். அவர் யோசித்து, பெட்டிகளில் ஒரு சின்னக் கேமராவையும் பொருத்தி ஒரு திருத்தம் செய்தார். ஒரு மயில் எச்சரித்தால் மட்டும் போதாது. மற்ற மயில்கள் தலை தூக்குகின்றனவா, மேய்ச்சலைத் தொடர்கின்றனவா என்று அகவுணரி பார்க்கும். கூட்டம் பயப்படவில்லை என்றால் ஊரையும் தொந்தரவு செய்யாது. கூட்டத்துக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது? கைபேசிகள் அடங்கின. ஊரும் நிம்மதியாக இருந்தது.

அந்த மார்கழி விடியலில் பனி கனமாக இருந்தது. குழந்தைவேல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மோட்டார் போடப் போனார். சுகந்தி அடுப்பில் பாலை வைத்தாள். ஓடைப் பக்கம் ஒரு மயில் அகவியது. விடாமல் திரும்பத் திரும்ப அகவியது. மேசைமேல் இருந்த கைபேசியைப் பார்த்தாள். அது பேசாமல் இருந்தது. ஒன்றுமில்லை என்று பாலை இறக்கினாள்.

அவர் ஓடைக்கும் மோட்டார் அறைக்கும் நடுவில் கிடந்தார். எடுத்து வந்தவர்கள் முகத்தைத் தவிர எதையும் அவளுக்குக் காட்டவில்லை. சட்டைப்பையில் இருந்த கைபேசி மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

சுகந்தி அழவில்லை. அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் நேரே பஞ்சாயத்துப் பின்னறைக்குப் போனாள்.

“மயிலு கத்துச்சு அம்மிணி. என்ற காதால கேட்டேன். அப்பறம் ஏன் போன் பேசல?”

ரிஸ்வானாவின் கண்கள் வீங்கியிருந்தன. அன்று காலை முழுவதும் அவர் அந்தப் பதிவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அதைச் சுகந்திக்கும் போட்டுக் காட்டினார். முதலில் ஒரு பெட்டை மயிலின் குரல்.

“இது தரையில பெரியது. யானையைப் பாத்துட்டுத்தான் கத்துது அக்கா.”

அதை ஒட்டியே வேறு சில மயில்கள் தொண்டைக்குள்ளிருந்து குட்டையாக, இரட்டையாக ஒரு சத்தம் கொடுத்தன. இருமலை அடக்குவதுபோல் இருந்தது.

“இது என்ன?”

“பழைய பதிவு எதுலயும் இது இல்ல. குரல்வீசி வந்ததுக்கு அப்புறந்தான் இருக்கு. குரல்வீசி பேசினா உடனே ஒரு மயில் இந்தச் சத்தம் கொடுக்குது. மத்ததுங்க தலையைக் குனிஞ்சு மேயப் போயிடுது.” ரிஸ்வானா பதிவை நிறுத்தினார். “புதுசா ஒரு சொல்லு கண்டுபிடிச்சிருக்கு அக்கா. பொய், மேயலாம். அதுதான் அர்த்தம்.”

சுகந்திக்கு மெல்லத்தான் விளங்கியது. அந்தப் பெட்டை மயில் யானையைப் பார்த்துக் கத்தியது. குரல்வீசி இருக்கும் திசையிலிருந்து குரல் வந்ததால் மற்றவை நம்பவில்லை. அவை நம்பவில்லை என்பதால் அகவுணரியும் நம்பவில்லை. அகவுணரி பேசவில்லை என்பதால் அவள் பாலை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“அது நெசத்தைத்தான சொல்லுச்சு?”

“ஆமா.”

“அப்ப, நெசமாலுமே யானை வருதுன்னு சொல்றதுக்கு அதுககிட்ட ஒரு சொல்லு இருக்குமில்ல? கம்பத்துல அதைப் போடுங்க. நம்பட்டும்.”

“அப்படி ஒரு சொல்லு இல்ல அக்கா.”

“எப்படி இல்லாம இருக்கும்?”

“அதுங்க பேசினாலே அது நெசந்தான். தனியா ஒரு சொல்லு வேணும்னு இதுவரைக்கும் தேவைப்படல.”

சுகந்தி எழுந்து வீட்டுக்கு நடந்தாள். பேசினால் என்ன பாவம் என்று மண்டபத்தில் கேட்டது தன் வாய்தான் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதை ரிஸ்வானாவும் சொல்லவில்லை, ஊரிலும் யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்லித் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலாம்போல் இருந்திருக்கும்.

குரல்வீசிகளை அந்த வாரமே பிடுங்கிப் போட்டார்கள். அது மயில்களுக்குத் தெரியாது. தெரிவிக்கவும் வழியில்லை. தெரிவிப்பதற்காக எந்தக் குரலைக் கொடுத்தாலும் புதர்களிலிருந்து அந்த இரட்டைச் சத்தம்தான் பதிலாக வந்தது. குரல்வீசியையே கேட்டிராத குஞ்சுகளும் தாயைப் பார்த்து அதைக் கற்றன. ஊர்ப் பக்கமிருந்து சத்தமாக எது வந்தாலும், கோயில் மேளமானாலும் பள்ளிக்கூட மணியானாலும், மயில்கள் ஒன்றுக்கொன்று அதையே சொல்லிக்கொண்டன. இனி ஒரு உயிர் போகக் கூடாது என்று ரிஸ்வானா அந்தப் புதுச் சொல்லையும் அகவுணரியில் சேர்த்தார். எச்சரிக்கையையும் மறுப்பையும் இரண்டையுமே கைபேசி சொல்லட்டும், முடிவை மனிதர்கள் எடுக்கட்டும் என்று நினைத்தார்.

கருமாதி அன்று குழந்தைவேலின் அக்கா வந்து இறங்கினாள். வெளிநாட்டிலிருந்து வந்தவள், தம்பியின் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவள். வாசலிலேயே சுகந்தியைக் கட்டிக்கொண்டு ஓவென்று குரலெடுத்தாள். அதுவரை கல்லாக இருந்த சுகந்திக்கு என்ன ஆயிற்றோ, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

“ஏனுங்க... என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்களே... நாந்தானுங்க உங்களை அனுப்புனேன்...”

தெருவே கேட்டது. பந்தலில் இருந்த ஆண்களும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். இத்தனை நாள் உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் மார்பில் அடித்துக்கொண்டு அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாள் முதல் அவள் அவர் பேரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த மயில்கள் தலை தூக்கின.

பந்தலில் ஒரு சட்டைப்பைக்குள்ளிருந்து கைபேசி பேசியது. பிறகு இன்னொன்று. பெண்களின் இடுப்பிலிருந்தும், நாற்காலியில் வைத்திருந்த பைகளிலிருந்தும், சமையல் ஆட்களிடமிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர் முழுக்க அதே நிதானமான குரல் கேட்டது.

“பொய். மேயலாம்.”

ஆட்கள் பதறித் தேடித் தேடி அணைத்தார்கள். அணைக்க அணைக்க எங்கோ ஒன்று திரும்பவும் சொன்னது. பந்தலின் கடைசியில் நின்றிருந்த ரிஸ்வானா வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

சுகந்தியின் அழுகை பாதியில் நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வந்தவர்களுக்கு இலை போடச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாய்விட்டு அழுததில் மனசு கொஞ்சம் லேசாகிவிட்டது போலிருக்கிறது என்று வெளியூரிலிருந்து வந்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.